ஒரு கீறல் போதும்

"பதினெட்டு வயசுப் பையனுக்கு இவ்வளவு வேகமான கார் தேவையா? நீயே சொல்லு சின்னப்பொண்ணு" என்று சியாமளா அம்மா என்னிடம் கேட்டபோது நான் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் மூன்று வருடம் வேலை செய்திருந்தேன். பால் வந்துச்சா, உப்பு போட்டியா என்று எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். நான் என்ன நினைக்கிறேன் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கை நின்றுவிட்டது. பதில் வரவில்லை.

எனக்கு அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பில் ஓர் அதிகாரி வந்து என்னை எழுப்பி ஏதோ கேட்டார். பதில் தெரியும். வாய் திறக்கவில்லை. பீரியட் முடியும்வரை நின்றேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. சொல்ல வேண்டியதை எழுதிவிடுவேன். அந்த வீட்டுப் பையன் விஷால் பாதி எழுதித் தூக்கிப்போட்ட நோட்டுகளில் மீதித் தாள் நிறைய இருக்கும். அவையெல்லாம் எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கின்றன.

சியாமளா அம்மாவின் கேள்விக்கும் எழுதித்தான் பார்த்தேன். விஷால் வண்டி பழகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கார் ஆறு நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்று அவனே சொல்லியிருந்தான். வீடு இருப்பது முட்டுக்காட்டைத் தாண்டி, ஈ.சி.ஆரிலிருந்து கடலுக்கு இறங்கும் சின்ன ரோட்டில். அதில் மீன்கூடையோடு பெண்கள் நடப்பார்கள். பிள்ளைகள் விளையாடும். இவ்வளவும் எழுதி, நாலாம் நாள் சியாமளா அம்மா தனியாக இருக்கும்போது, "வேணாம்மா" என்றேன்.

அவர் சந்தோஷப்பட்டார் என்று நினைத்தேன். அன்று சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சின்னப்பொண்ணுகூட வேணாம்ங்கிறா."

"ஏம்மா, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஆள்கிட்ட போய்க் கேட்டிருக்கியே" என்றான் விஷால்.

அவன் அப்பா நரசிம்மன் சார் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் திரும்பி வந்தவர். நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். "சரி, ஜனநாயகமா முடிச்சிருவோம். கார் வேணும்ங்கிறவங்க கை தூக்குங்க" என்றார். அவர் தூக்கினார். விஷால் இரண்டு கையையும் தூக்கினான். அவன் தங்கை சஹானாவுக்குப் பதினோரு வயது. தயிர்சாதக் கையை அவளும் தூக்கினாள். "மூணுக்கு ரெண்டு. சின்னப்பொண்ணு ஓட்டையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கேன், அப்புறம் குறை சொல்லக் கூடாது" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். சியாமளா அம்மாவும் சிரித்தார். நான் ரசம் பரிமாறினேன்.

கார் 2003 ஆனி மாதம் வந்தது. சிவப்பு. இரண்டே கதவு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அழகான வண்டி. அதன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. துடைப்பதும் நான்தான்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மதியம் வேலை முடித்துக் கிளம்பினேன். விஷால் காரோடு கேட்டில் நின்றான். பின்னால் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேர். "சின்னப்பொண்ணு, வூட்டாண்ட வுட்றேன் வா" என்றான். எங்கள் பேச்சை அவன் அப்படித்தான் பேசிக் காட்டுவான். ஏறினேன். ஈ.சி.ஆர். வந்ததும் அழுத்தினான். நெம்மேலியில் நான் இறங்க வேண்டும். "வாயைத் திறந்து நிறுத்துன்னு சொல்லு. நிறுத்திடறேன்" என்றான். பின்னால் இருந்தவர்கள், "சொல்லு, சொல்லு" என்று கை தட்டினார்கள். முள் நூற்று அறுபதைத் தாண்டியது. ஒரு லாரியைச் சுற்றிப் போகும்போது எதிரில் வந்த பஸ்ஸின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். நிறுத்து என்பது நாலு எழுத்து. எனக்கு வரவில்லை. மாமல்லபுரம் வரை வரவில்லை. அங்கே சிற்பப் பட்டறைகள் இருக்கும் இடத்தில் இறக்கிவிட்டான். நான் ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். பாவாடையும் நனைந்திருந்தது. கல் கொத்திக்கொண்டிருந்தவர்கள் உளியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

இதற்காகத்தான் நான் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். துணியைத் துவைத்தால் போய்விடுகிறது. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை நான் சியாமளா அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வாரமே முச்சந்தியில் படுத்திருக்கும் செவலை நாயை அவன் அடித்தான். ரோடு நேராக வந்து, மீனவர் குப்பத்துக்குப் போகும் வழி பிரியும் இடத்தில் வலது பக்கம் வளைகிறது. அதைத்தான் முச்சந்தி என்போம். வளைவில் ஒரு மதகு, அதற்கு இடுப்பளவு சிமெண்ட் சுவர். நாய் சக்கரத்தில் சிக்கி கேட் வரை வந்தது. முதுகு வரை இருந்தது, அதற்குப் பின்னால் இல்லை. ஆனாலும் கண் அசைந்தது. சாக்கில் எடுத்துப் போட்டது நான். அடியில் ஒட்டியிருந்ததைக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவியதும் நான்.

சியாமளா அம்மா அன்று அழுதார். "இன்னைக்கு நாய். நாளைக்கு?" என்றார். சார் பொறுமையாகச் சொன்னார்: "சியாமளா, வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இதுல ஒரு கீறல் விழட்டும், அன்னைக்கே வித்துடறேன். சத்தியம்."

நான் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாக்கு மாறாதவர். ஒரு கீறல் போதும் என்று அன்று நோட்டில் எழுதினேன்.

ஆணியால் நானே கீறியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதில் நியாயம் இல்லை. அவன் ஓட்டும்போது விழ வேண்டும். அப்போதுதான் அவனுக்கு அந்த வண்டி ஆகாது என்று நிரூபணம் ஆகும்.

அந்த வீட்டில் கார் வந்ததிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் சுற்றி உடைக்கும் வேலை எனக்கு. காயின் தலையில் ஒரு துண்டு வெட்டி, உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு மூடி, மேலே சூடம் ஏற்றி, வண்டியைச் சுற்றி, முச்சந்தியில் உடைக்க வேண்டும். முதல் தடவை நான் போனபோது எதிர் பங்களா வாட்ச்மேன் ஜான்சன் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாப்பா, ரோட்டு நடுவுல ஒடைக்காத. ஓரமா ஒட. வண்டிக்காரன் எவனாவது வழுக்கிகினு வுழுந்தான்னா பேஜாரா பூடும்."

"யாராச்சும் தள்ளி வுட மாட்டாங்களாண்ணா?" என்று கேட்டேன். அவரிடம் எனக்குக் கொஞ்சம் பேச வரும்.

"எவன் தொடுவான்? நான் சர்ச்சுக்குப் போறவன், நானே அத்த மெதிக்க மாட்டேன். யாரோ வூட்டுப் பீடைய நம்ம காலுல ஒட்டிக்கினு போறதுக்கா?"

அவர் சொன்னது சரி. திருஷ்டி கழித்ததை எங்கள் பக்கத்தில் யாரும் தொடுவதில்லை. குப்பை வண்டிக்காரர்கள்கூட அதைச் சுற்றிக் கூட்டுவார்கள். தானாகக் காய்ந்து போகும்வரை அது அங்கேயே கிடக்கும்.

ஆடி அமாவாசைக்கு ரோட்டு நடுவில் உடைத்தேன். விஷால் வந்தான். வண்டியின் பின்பக்கம் ஒரு முழம் விலகி, திரும்ப நேரானது. கீறல் இல்லை. அவன் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "சூப்பர்" என்றான். அதற்குப் பிறகு வேண்டுமென்றே அந்த வளைவில் வண்டியைச் சறுக்க வைக்கப் பழகினான். ஆக, அவனைப் பழக்கியது நான்தான் என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆவணி அமாவாசைக்கு இரண்டு காய் உடைத்தேன். அன்று காருக்கு முன்னால் குப்பத்துக்கு ஐஸ் கொண்டுபோகும் முத்துசாமி டி.வி.எஸ். வண்டியில் வந்துவிட்டார். ஐஸ் பெட்டியோடு விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்து மண்ணில் குத்தியிருந்தது. ஐஸ் கரைந்து ரத்தத்தோடு ஓடியது. "அய்யோ, காலு எங்க கீது, காலு எங்க கீது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் ஓடிப்போனது நான்தான். என் தாவணியைக் கிழித்துக் கட்டினேன். ஆட்டோ வரும்வரை தலையை மடியில் வைத்திருந்தேன். ஊரில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எங்கள் அம்மா சந்திரம்மா, "என் பொண்ணு வாயில்லாப் பூச்சி. ஆனா மனசு தங்கம்" என்று குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். முத்துசாமியின் காலை எடுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தக் கார் இல்லை என்றால் நான் பூசணிக்காய் உடைக்கவே தேவையில்லை. அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மகாளய அமாவாசைக்கு மழை பெய்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை.

அன்று எல்லா வாசலிலும் பூசணிக்காய் உடைந்து கிடக்கும். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். நான் மூன்று காய் தனியாக வாங்கிக் காலையிலேயே தயார் செய்துவிட்டேன். உள்ளே சதையைக் கொஞ்சம் தோண்டி எடுத்து, குங்குமத்தோடு விளக்கெண்ணெய் ஊற்றினேன். காய்க்கு அரை லிட்டர் பிடித்தது. சில்லறை போடவில்லை. போட்டால் குப்பத்துப் பிள்ளைகள் அதைப் பொறுக்க ரோட்டில் இறங்கிவிடும். அடிபட்டால் யார் பொறுப்பு? இவ்வளவு யோசித்துத்தான் செய்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் பூஜை. காருக்குச் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, மாலை. பூஜை முடிந்ததும் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வர வேண்டும். கோவளம் வரை போய்விட்டு வருவதாக விஷால் சொன்னான். சஹானா பட்டுப் பாவாடையோடு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். காலையில் அவளுக்குத் தலை பின்னிக் கனகாம்பரம் வைத்துவிட்டவள் நான்.

"எறங்குடி" என்றார் சியாமளா அம்மா.

"நான் போவேன். நானும்தான் ஓட்டுப் போட்டேன்" என்றாள் சஹானா.

சார் போனில் பேசிக்கொண்டிருந்தார். சியாமளா அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கையில் கற்பூரத் தட்டு இருந்தது. "என்ன சின்னப்பொண்ணு, அனுப்பலாமா?" என்றார்.

இந்தத் தடவை எனக்கு நாலு நாள் தேவைப்படவில்லை. "அனுப்புங்கம்மா" என்றேன். என் குரல் நன்றாகவே வந்தது. அவருக்கே ஆச்சரியம். "பேசிட்டாளே" என்று சிரித்துக்கொண்டே காரை விட்டு விலகினார்.

வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னதற்கு என்ன ஆயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன். தங்கை பக்கத்தில் இருந்தால் மெதுவாக ஓட்டுவான் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. பெல்ட் போட்டால் பட்டு கசங்கும் என்றாள் சஹானா. நான் வற்புறுத்தவில்லை. கதவைச் சாத்தினேன். கார் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு போனது.

அவர்கள் திரும்பி வர இருபது நிமிடம் ஆகும். நான் மூன்று காய்களையும் கோணிப்பையில் போட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு முச்சந்திக்கு நடந்தேன். ஐந்து நிமிட நடை.

ஒரு விஷயத்தை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் நான் திரும்பி வந்திருக்கலாம். அது எனக்குத் தோன்றியது. ஆனால் திருஷ்டிக்கு என்று எடுத்த காயை மறுபடி வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது. பீடை அந்த வீட்டைப் பிடிக்கும் என்பார்கள். அந்த வீட்டில் நான் சோறு சாப்பிட்டிருக்கிறேன். அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மூன்றையும் வளைவு தொடங்கும் இடத்தில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக உடைத்தேன். எண்ணெய் குங்குமத்தோடு ரோட்டின் முழு அகலத்துக்கும் பரவியது. ஓரமாக நடந்து வந்த இரண்டு பெண்கள் அதைப் பார்த்ததும் மணலில் இறங்கிச் சுற்றிப் போனார்கள்.

நான் சவுக்குத் தோப்பில் நின்றேன்.

முதலில் சத்தம் கேட்டது. மெதுவாக ஓட்டவில்லை. தங்கைக்குச் சறுக்கிக் காட்ட வேண்டும் என்று அழுத்தியிருக்கிறான். கண்ணாடிக்குள் சஹானா இரண்டு கையையும் மேலே தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கார் பக்கவாட்டில் போனது. ரோட்டில் போகும் பொருள் மாதிரி இல்லை, கழுவின தரையில் சோப்பு போகும் மாதிரி போனது. மதகுச் சுவரில் சஹானா இருந்த பக்கம் மோதியது. சுவர் கதவைப் பிளந்து உள்ளே வந்துவிட்டது. வண்டி அதன் மேலேயே ஏறிக் கவிழ்ந்து கால்வாய்க்குள் விழுந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாழைக்கன்று மட்டும் ரோட்டில் கிடந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். விஷால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். காதிலிருந்து ரத்தம் மேல்நோக்கி நெற்றிக்கு வந்தது. "தங்கச்சி, தங்கச்சி" என்றான். சஹானாவுக்குக் கழுத்துக்கு மேல் முகம் எது, சிமெண்ட் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னல் மட்டும் கலையவில்லை. அதைப் பார்த்துத்தான் அவள் என்று தெரிந்தது. காரில் எங்கும் கீறல் என்று தனியாகச் சொல்லும்படி இல்லை.

ஜான்சன் அண்ணன் ஓடி வந்தார். "யேசுவே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சியாமளா அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தார். அவர் போட்ட சத்தத்தை எழுத எனக்கு எழுத்து தெரியவில்லை.

போலீஸ் வந்தது. ஏட்டு டேப்பைப் பிடித்து ரோட்டை அளந்தார். பூசணிக்காய் கிடந்த இடம் வந்ததும் ஒரு கணம் நின்று, பூட்ஸ் படாமல் தாண்டிக் காலை வைத்து அந்தப் பக்கம் போய் அளந்தார். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. யாரும் குனிந்து மோந்து பார்க்கவில்லை. அதிவேகம், அனுபவமின்மை என்று எழுதினார்கள். அதிலும் பொய் இல்லை.

விஷால் பிழைத்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. செங்கல்பட்டுக் கோர்ட்டில் அவன் மேல் வழக்கு நடக்கிறது. தங்கையைக் கொன்றது தான்தான் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறானாம். செய்தித்தாளில், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கார் வாங்கிக் கொடுக்கலாமா என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். பெரிய பெரிய ஆட்கள் கருத்துச் சொல்லியிருந்தார்கள். நான் எழுதி வைத்திருந்த காரணங்கள் எல்லாமே அதில் இருந்தன. கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்தேன். அந்த ரோட்டில் இப்போது எந்தப் பையனும் வேகமாகப் போவதில்லை. கூடைக்காரப் பெண்கள் நடுரோட்டிலேயே நடக்கிறார்கள்.

அந்த வீட்டு வேலையிலிருந்து நான் நின்றுவிட்டேன். இன்று காலை சியாமளா அம்மா நெம்மேலியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாதி உடம்பாகியிருந்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். பாய் விரித்தேன். மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"என்னால அவன் மூஞ்சியைப் பார்க்க முடியலை சின்னப்பொண்ணு" என்றார். "பெத்தவதான். ஆனா அவன் அம்மான்னு கூப்பிட்டா எனக்கு உடம்பெல்லாம் எரியுது. தண்ணிகூடக் கொடுக்காம வந்துடறேன்." மோர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "அன்னைக்கே நீ சொன்ன. நான்தான் கேட்கலை. நான் சிரிச்சேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. எனக்கு உள்ளே ஏதோ திறந்துகொண்டது. இவ்வளவு மதித்துச் சொல்கிறவரிடம் பாதியை மறைக்கக் கூடாது என்று தோன்றியது. நான் வெறும் வாயால் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, அவர் பேச்சு ஜெயிக்க எவ்வளவு பாடுபட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? அதோடு, விஷால் மேல் அவர் அவ்வளவு கோபப்படத் தேவையில்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னேன். ஆடி அமாவாசையில் தொடங்கி வரிசையாகச் சொன்னேன். காய் எந்தக் கடையில் வாங்கினேன், எண்ணெய் எவ்வளவு பிடித்தது, சில்லறை ஏன் போடவில்லை, தோப்பில் எந்த மரத்துக்குப் பின்னால் நின்றேன், எல்லாம். ஒரு இடத்திலும் திக்கவில்லை. இவ்வளவு நேரம் தொடர்ந்து நான் யாரிடமும் பேசியது இல்லை. நடுவில் அவர் தன் கையை எடுத்துக்கொண்டார். நோட்டை எடுத்துக் காட்டினேன். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தார். அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எழுதியது. "நாளை பூஜை முடிந்து ரவுண்டு போகும்போது சஹானாவும் ஏறுவாள். அவளும் கை தூக்கியவள்தான்" என்று அதில் இருக்கிறது. நான் எழுதினதுதான். எழுதியது நினைவில் இல்லை.

அவர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், வெயிலில், பஸ் நிற்கும் பக்கம் பார்த்து நடந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

செருப்பை மண் தட்டி உள்ளே எடுத்து வைத்திருக்கிறேன். யோசித்துப் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார். ஒரு காபியாவது போட்டுக் கொடுக்க வேண்டும்.